வசனத்துக்கு அடியில் ஓடும் இசை

தமிழில் இதுவரை எழுதப்பட்ட வாத்திய இசையில் ஆகச் சிறந்தது எது என்று கேட்டால், அது இசைத்தட்டிலும் கேசட்டிலும் இல்லை, படங்களுக்குள் இருக்கிறது என்பேன். வசனத்துக்கு அடியில், பஸ் ஹாரனுக்கும் மழைச் சத்தத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டுகளைச் சொல்லவில்லை. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி இளையராஜா எழுதிக் குவித்த பின்னணி இசையைச் சொல்கிறேன்.

இதைச் சொன்னவுடன், இசை கேட்கும் நண்பர்களிடமிருந்து உடனே ஒரு கேள்வி வரும். "அப்போ அந்த ரெண்டு ஆல்பம்?" 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்', 1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்'. சினிமாவுக்காக இல்லாமல், யாருடைய கதைக்கும் கட்டுப்படாமல் அவர் எழுதியவை. ஒரு இசையமைப்பாளர் சுதந்திரமாக எழுதியதுதானே அவருடைய உச்சமாக இருக்க முடியும்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆல்பங்களைப் பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு நான் வந்து சேர்ந்திருப்பது வேறு இடத்துக்கு.

முதலில் பழைய கதை கொஞ்சம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, 60 நிமிடமா 90 நிமிடமா என்று சொல்லிவிட்டு வந்தால், இரண்டு நாளில் கேசட் தயாராகிவிடும். பாட்டுகள் முடிந்த பிறகு ஒரு பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிச்சமிருக்கும். அந்த இடத்தைக் கடைக்கார அண்ணன் சும்மா விடமாட்டார், 'ஹவ் டு நேம் இட்'டிலிருந்து ஏதாவது ஒரு துண்டைப் போட்டு நிரப்பிவிடுவார். சித்ராவும் எஸ்.பி.பி.யும் பாடி முடித்த கையோடு ஒரு வயலின் கிளம்பும். டேப் தீரும்போது பாதியில் அறுந்துபோகும். அந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டது இப்படித் துண்டு துண்டாகத்தான்.

பின்னணி இசைக்கு அந்த மிச்ச இடம்கூடக் கிடைக்கவில்லை. படத்தின் பாட்டு விற்றது. படத்தின் வசனமும் விற்றது. 'விதி' படத்தின் கோர்ட் சீன் வசனத்தை கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி, வெறும் ஒலியாக. அதில் பின்னணி இசை வரும், வசனத்தோடு சேர்ந்து. படம் பார்க்காமல் அந்த இசையை மட்டும் காதால் பின்தொடர்ந்தவர்களுக்கு ஒலிச்சித்திரம்தான் முதல் பாடசாலை. எனக்கும்தான். கதாநாயகி என்ன சொல்கிறாள் என்பதை விட்டுவிட்டு, அவள் பேச்சுக்குப் பின்னால் இறங்கி வரும் செல்லோவைத் தேடிப் போகும் பழக்கம் அங்கே ஆரம்பித்தது.

எவ்வளவு இசை இது? இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். 1987-ல் வந்த 'நாயகன்' அவருடைய 400-ஆவது படம். பதினோரு வருடத்தில் 400 என்றால் சராசரியாக மாதம் மூன்று படம். படத்துக்கு அரை மணி நேரப் பின்னணி இசை என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், பாட்டுகள் போக மாதம் ஒன்றரை மணி நேரம். அத்தனையும் நொட்டேஷனாக, தாளில் இசைக்குறிப்பாக எழுதப்பட்டு, வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தது.

ரீ-ரெக்கார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர். என்று சினிமாக்காரர்கள் சொல்லும் அந்த வேலை எப்படி நடந்தது என்பது பலருக்குத் தெரியும், ஆனாலும் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டியது. ஒரு ரீல் 1000 அடி, சுமார் பதினோரு நிமிடம். அதைத் திரையில் ஓட்டிக் காட்டுவார்கள். வசனம் இருக்கும், இசை இருக்காது. ராஜா பார்ப்பார், பிறகு எழுத ஆரம்பிப்பார். பியானோவில் தட்டிப் பார்ப்பதெல்லாம் இல்லாமல் நேராகத் தாளில், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக. எழுதியது பிரதியெடுக்கப்பட்டு வயலின்காரர்களுக்கும் புல்லாங்குழலுக்கும் கிடாருக்கும் போகும். படம் மறுபடி திரையில் ஓட, எல்லோரும் சேர்ந்து வாசிக்க, டேக். பிரசாத் ஸ்டுடியோவில் இப்படி எத்தனை ரீல்கள் ஓடியிருக்கும்! வி.எஸ். நரசிம்மனின் வயலின், நெப்போலியன் என்கிற அருண்மொழியின் குழல், சதானந்தத்தின் கிடார், சசியின் பேஸ், விஜி மேனுவலின் கீபோர்டு, புருஷோத்தமனின் டிரம்ஸ். பேர் தெரியாமலே இவர்கள் விரல்களை நமக்குத் தெரியும்.

இந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. படம் ஏற்கெனவே எடுத்து முடிக்கப்பட்டது. ஷாட்டின் நீளம் மாறாது. நடிகர் பேசிவிட்டார், அவர் மூச்சு விட்ட இடம் மாறாது. இசையமைப்பாளர் அதில் எதையும் தொட முடியாது. அதற்கு அடியில் மட்டும்தான் எழுத முடியும்.

இப்போது 'ஹவ் டு நேம் இட்'டுக்கு வருகிறேன். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட ஆல்பம். பத்து உருப்படிகள். அவற்றில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. அதில் வி.எஸ். நரசிம்மன் வாசிப்பது ராஜா எழுதியதே அல்ல. அது பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற தொகுப்பின் பிரிலூட், அதாவது தொடக்கப் பகுதி. துணை வாத்தியம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு வயலின் மூச்சு விடாமல் ஓடும். ஒரு சுரத்தைக்கூடச் சேர்க்கவோ எடுக்கவோ தேவையில்லாத அளவுக்கு முழுமையான ஒன்று. உலகமே அப்படித்தான் அதைப் பார்க்கிறது. ராஜா அந்த வயலின் ஓட்டத்தில் கை வைக்கவில்லை, அதற்கு அடியில் தன் ஸ்ட்ரிங்ஸை, தந்தி வாத்தியக் கூட்டத்தை, நுழைத்தார்.

இது துணிச்சல் என்று சிலர் சொன்னார்கள், அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர். பாக் விஷயம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். அதே பிரிலூடை 1731-ல் லைப்ஸிக் நகரசபைக்கான ஒரு கான்டாட்டாவின், அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பின், தொடக்கத்தில் பாக்கே எடுத்துப் போட்டிருக்கிறார். வயலின் பகுதியை ஆர்கனுக்குக் கொடுத்து, சுற்றிலும் டிரம்பெட்டும் தாளமும் தந்திகளும் வைத்து. அதாவது அந்த ஒற்றை வயலினுக்கு அடியில் இன்னும் ஒரு உலகத்துக்கு இடம் இருக்கிறது என்பது எழுதியவருக்கே தெரிந்திருந்தது. ராஜாவின் காதும் அதே காலியிடத்தைக் கேட்டிருக்கிறது. ஆனால் பாக் அங்கே கொண்டாட்டத்தை வைத்தார், ராஜா ஓர் உரையாடலை வைத்தார்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு வயலினை விட்டுவிட்டு, அடியில் நடப்பதை மட்டும் கேளுங்கள். வயலின் நெருக்கும் இடத்தில் ஸ்ட்ரிங்ஸ் விலகி நிற்கும். வயலின் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில் கீழே நீளமாக ஒரு கோடு ஊர்ந்து வரும். எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு அத்தனை துல்லியம். இந்தக் கணக்கை நான் வேறு எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இது ரீ-ரெக்கார்டிங். பாக்கின் வயலின்தான் இங்கே வசனம். முடிந்துபோன, மாற்ற முடியாத ஒரு ரீலாக அந்த பிரிலூடைத் திரையில் ஓடவிட்டு, அதற்கு ஆர்.ஆர். செய்திருக்கிறார் ராஜா. சினிமாவை விட்டு வெளியே வந்து செய்த ஆல்பத்தின் உச்சத்திலும் அவர் கை பழகிய வேலையைத்தான் செய்திருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய கலையின் ஆதார வடிவமே அதுதான் என்கிறேன்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. பாட்டே இல்லாத படம். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சென்னையில் ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு. படத்துக்கென்று தனியாக இசை எழுதாமல் 'ஹவ் டு நேம் இட்' துண்டுகளையே எடுத்துப் பயன்படுத்தினார் பாலு மகேந்திரா. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வரும் காட்சியை மறக்கவே முடியாது. பூசாத செங்கல் சுவரைத் தடவிப் பார்க்கும் அந்த முதிய விரல்கள். வசனம் கிடையாது. அடியில் அந்த இசை. வேறு எதற்காகவோ எழுதப்பட்ட இசை அந்தக் கிழவரின் நடைக்கு அளவெடுத்தது போல உட்காருகிறது. இயக்குநரின் காது அபாரம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இசைக்குள்ளேயே ஒரு காட்சிக்கான இடம் முன்கூட்டியே காலியாக விடப்பட்டிருந்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது. மேலே ஒன்று வந்து உட்காரும் என்று எதிர்பார்த்து எழுதும் கை அது.

இதன் எல்லை 'ஹே ராம்'. 2000-ல் வந்த அந்தப் படத்துக்கு முதலில் இசையமைத்தவர் எல். சுப்ரமணியம். பாட்டுக் காட்சிகள் அந்த மெட்டுகளுக்கு எடுக்கப்பட்ட பிறகு அவர் விலக, ராஜா வந்தார். திரையில் உதடுகள் ஏற்கெனவே வேறு மெட்டுக்கு அசைந்து முடித்துவிட்டன. மறுபடி படம் பிடிக்காமல், அந்த உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி புதிய மெட்டுகளை எழுதினார். பாட்டையே பின்னணி இசையாக எழுதியது போன்ற காரியம். கேட்கும்போது அந்த நெருக்கடி எங்கேயாவது தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டுகள் அந்தக் காட்சிகளுக்காகவே பிறந்தவை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

'நத்திங் பட் விண்ட்' பற்றி எனக்கு அந்த அளவு உற்சாகம் இல்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் பன்சூரி, அதாவது வடஇந்தியப் புல்லாங்குழல். தலைப்பு உருப்படி அழகானது, காலையில் கேட்க மனசு விரியும். 'மொஸார்ட் ஐ லவ் யூ' மரியாதையான ஒரு வணக்கம், அதற்கு மேல் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. எல்லோரும் இந்த ஆல்பத்தை முதலாவதற்குச் சமமாகவோ மேலாகவோ சொல்வார்கள், என் காதுக்கு அப்படி இல்லை.

ராஜாவின் 2005 ஆல்பம் 'திருவாசகம்' பெரிய விஷயம். புடாபெஸ்ட் சிம்பனி இசைக்குழு, ஆறு உருப்படிகள். அதில் ஓர் உருப்படி இருபது நிமிடம் போகும். "பொல்லா வினையேன்" என்று அவர் குரல் எடுக்கும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. மாணிக்கவாசகரின் சொல் அசைக்க முடியாதது. அதன் தளையும் சீரும் ஆயிரம் வருடத்துக்கு முன்பே முடிவானவை. அதற்கு அடியில் அத்தனை பெரிய இசைக்குழுவை அடக்கி ஒடுக்கி நடத்துகிறார். நடுவில் வரும் ஆங்கில வரிகள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அவற்றை எழுதிய ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் பிராட்வே மேடைக்குப் பெரிய பெயர், வரிகள் மோசமில்லை. ஆனால் அவை மேலே நிற்கும் கனமான பொருளாக இல்லாமல் இசைக்கு வசதியாக வந்து போகின்றன. 'பூவார் சென்னி மன்னன்' வந்ததும் திரும்ப மூச்சு சீராகிவிடும்.

ஏ.ஆர். ரஹ்மானை இங்கே சொல்லாமல் போக முடியாது. சண்டை மூட்டுவதற்காக அல்ல, அந்தச் சண்டையில் எனக்கு எப்போதுமே விருப்பமில்லை. 1995-ல் 'பம்பாய்' கேசட் வாங்கியவர்களுக்கு, பாட்டுகளோடு 'பம்பாய் தீம்' என்று ஒரு வாத்திய உருப்படியும் கிடைத்தது. நவீனின் புல்லாங்குழல், பிறகு மெல்ல நிறையும் ஸ்ட்ரிங்ஸ். காட்சிக்கு அடியில் ஊர்கிற இசை அல்ல அது. தனக்கென்று ஒரு தொடக்கம், ஏற்றம், முடிவு எல்லாம் கொண்டது. படம் அதனிடம் வருகிறது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' அதை எடுத்துக்கொண்டது, பத்து வருடம் கழித்து ஹாலிவுட்டின் 'லார்ட் ஆஃப் வார்' எடுத்துக்கொண்டது. எழுதியவரின் மேதைமை ஒரு காரணம். இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது, அது தனியாகக் கேட்கக் கிடைத்தது. கேசட்டில் இருந்தது, சிடியில் இருந்தது, யார் காதிலும் விழுந்திருக்க முடியும்.

'நாயகன்' பின்னணி இசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 'தென்பாண்டிச் சீமையிலே' கேசட்டில் பாட்டாக இருந்தது. ஆனால் அதே மெட்டு படம் முழுக்கச் சொல் இல்லாமல் வந்து போகிறதே, சிறுவன் கடல் பார்த்து நிற்கும் காலத்திலிருந்து கிழவனாகும் வரை, அந்த வடிவங்களை எங்கே போய் வாங்குவது? வாங்க முடியாததால் ரசிகர்களே எடுக்க ஆரம்பித்தார்கள். டிவிடி காலத்தில் ஒரு வழி இருந்தது. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும், அந்த ஒரு சேனலை அணைத்துவிட்டால் இசை பக்கங்களிலிருந்து வெளியே வரும். புதிய படங்களுக்கு அது சரி. எழுபது, எண்பதுகளின் படங்கள் மோனோ. வசனம், இசை, சத்தம் மூன்றும் தனித்தனி காந்த டேப்பில் இருந்து ஃபைனல் மிக்சிங்கில் ஒன்றாகக் கலந்த பிறகு பிரிக்க அப்போது வழியே இருக்கவில்லை.

இப்போது குரலைத் தனியே பிரிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. நானும் 'மௌன ராகம்' ரீல்களைப் போட்டுப் பார்த்தேன். குரல் போய்விடுகிறது. ஆனால் ரேவதி "ச", "ஷ" என்று உச்சரித்த இடங்களில் ஒரு சீறல் மிச்சம் நிற்கிறது. அதோடு வயலின்களின் மேல்மினுக்கமும் சுரண்டி எடுக்கப்பட்டுவிடுகிறது, வில் தந்தியைத் தொடும் அந்த முதல் உராய்வு காணாமல் போகிறது. ஸ்ட்ரிங்ஸ் பஞ்சு போலாகிவிடுகின்றன. கேட்கலாம், ஆனால் நரசிம்மன் வாசித்தது அது இல்லை.

இன்றைய நிலைமை எவ்வளவோ மேல் என்பதைச் சொல்ல வேண்டும். தேசிய விருதில் 2009-ஆம் ஆண்டு முதல் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனி விருது மறுபடி வந்தது, அந்த ஆண்டின் பின்னணி இசை விருதை 'பழசிராஜா'வுக்காக ராஜாவே வாங்கினார். மிஷ்கின் 2013-ல் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தைப் பாட்டில்லாமல் எடுத்து, டைட்டிலில் 'முன்னணி இசை' என்றே ராஜாவின் பெயரைப் போட்டார். அந்தப் படத்தின் இசை தனியாகவும் வெளிவந்தது. இரவு நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு அதை முழுதாகக் கேட்டால், படத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின்னால் தவறவிட்ட செல்லோ வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். '96' படத்தில் கோவிந்த் வசந்தாவின் வயலினைப் படம் பார்த்த கையோடு வீட்டில் போய்த் தேடிக் கேட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஆக, கேட்க ஆள் இருக்கிறது. இது யாருக்கும் நஷ்டம் தருகிற காரியம் அல்ல.

எனக்கு வேண்டியது இரண்டு. பழைய படங்களின் இசை டேப் எங்கெல்லாம் பிழைத்திருக்கிறதோ, எந்த லேபின் எந்த அலமாரியில் பூசணம் பிடித்துக் கிடந்தாலும், அதைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கி வெளியிட வேண்டும். ஒலியை அழகுபடுத்துகிறேன் என்று புதிய டிரம்ஸ் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, கையால் எழுதிய நொட்டேஷன்கள் அச்சில் வர வேண்டும். இசைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பாக்கின் பிரிலூடை விலை கொடுத்து வாங்கி வாசித்துப் பழகுகிறாள். அதே பெண் 'உதிரிப்பூக்கள்' டைட்டில் இசையையும் அப்படி வாங்கி வாசிக்க முடிந்தால்தான் இந்த இசை அடுத்த தலைமுறையின் விரல்களுக்குப் போகும். காதால் கேட்டு எழுதிக்கொள்வது வேறு, அவர் எழுதிய வரியைப் பார்த்து, இந்த இடத்தில் வயோலாவுக்கு ஏன் இப்படிக் கொடுத்தார் என்று யோசிப்பது வேறு.

ஒரே ஒரு படத்தில்தான் தொடங்க முடியும் என்றால் நான் 'மௌன ராகம்' கேட்பேன். 'ஹவ் டு நேம் இட்' வந்த அதே 1986. ஒரே ஆண்டில், ஏறக்குறைய அதே வயலின்களோடு, ஒரு பக்கம் பாக்குக்கு அடியில் எழுதினார், இன்னொரு பக்கம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்கும் ஒரு பெண்ணின் கோபத்துக்கு அடியில் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்க வேண்டும். ரீல் வரிசையிலேயே போடுங்கள், டைட்டில் இசையில் தொடங்கி ரயில் நிலையம் வரை. முப்பது விநாடித் துண்டாக இருந்தாலும் விட்டுவிட வேண்டாம், இசை நின்று காட்சி மௌனமாக ஓடும் இடங்களின் நீளத்தையும் குறிப்பில் அச்சிடுங்கள். டேப்பில் கண்டக்டர் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவது பதிவாகியிருந்தால் அதையும் வெட்டாதீர்கள்.